கொள்ளுக்கொடி மேல் ஓடிய ஹைபிரிட் கார்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சித்தேரி மலையிலிருந்து இறங்கி அடிவாரச் சாலைக்கு வந்த இடத்தில் நடந்தது இது. இன்றைக்கும் யாராவது என்னிடம் கார் பற்றிப் பேச்செடுத்தால், எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அந்தச் சாலையில்தான் போய் நிற்பேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வீடு கடத்தூரில். என் கணவரும் ஆசிரியர்தான், வரலாறு. எங்கள் வீட்டில் கார் பைத்தியம் பிடித்தவள் நான். அவர் பஸ் பிரியர். ஜன்னலோர சீட்டும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் கிடைத்தால் அவருக்கு வேறு எதுவும் வேண்டாம். நான் அப்படியில்லை. தெருவில் ஒரு புது வண்டி நின்றால் குனிந்து அடியில் எட்டிப் பார்க்காமல் என்னால் கடந்து போக முடியாது.

பல வருட ஆசைக்குப் பிறகு வாங்கியது அந்தக் கார். சின்ன வண்டி. கரும் நீலம். தரையோடு தரையாகப் பதுங்கிப் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். கூரை தாழ்வு, சீட் தாழ்வு. பந்தயக் கார் ஓட்டுகிற நினைப்பு எனக்கு. பாயில் உட்கார்ந்து பயணம் போகிற நினைப்பு அவருக்கு. "இதுல ஏற ஒரு ஆள் போதும், எறங்கத்தான் ரெண்டு ஆள் வேணும்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது ஹைபிரிட் வண்டி. பெட்ரோல் இன்ஜினும் உண்டு, மின் மோட்டாரும் உண்டு. கிளம்பும்போதும் மெதுவாகப் போகும்போதும் மோட்டார் மட்டும் இழுக்கும். சத்தமே இருக்காது. ஏற்றம் வந்தாலோ ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தாலோ இன்ஜின் தானாக எழுந்து வந்து தோள் கொடுக்கும். நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அதுவே பார்த்து முடிவு செய்துகொள்ளும். பிரேக் பிடித்தால் அந்த வேகம் வெறும் சூடாகி வீணாகாமல், மோட்டாரே டைனமோவாக மாறி பேட்டரிக்குள் மின்சாரத்தை அனுப்பும். வருடக்கணக்காகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் இதை வரைந்து காட்டியவள் நான். அதே விஷயம் என் பாதத்துக்குக் கீழே நடக்கிறது என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கார் வாங்கிய மாதம் முழுக்க ஸ்டாஃப் ரூமில் நான் வேறு எதையும் பேசவில்லை என்று சக ஆசிரியைகள் இன்னும் கேலி செய்கிறார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கணவரின் நண்பர் சித்தேரி மலையில் கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஆனால் இவர் பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கிறேன் என்று ஸ்டூலில் ஏறி விழுந்து, வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டிருந்தார். பேசாமல் வீட்டில் இருங்கள் என்றால் கேட்கவில்லை. மலை வீட்டு விருந்து, சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு என்று சொல்லிச் சொல்லியே என்னைச் சம்மதிக்க வைத்தார். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் என் வண்டியை ஓட்டிப் பார்க்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

பின் சீட்டில் அவரை நீளவாக்கில் உட்கார வைத்தேன். டிரைவர் பக்கக் கதவில் முதுகு, இடது பக்கக் கதவை நோக்கிக் கால். வளைவுகளில் கட்டுப் போட்ட கால் உருண்டு கீழே விழாமல் இருக்க, தலையணை வைத்து, அதன்மேல் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டி, போதாததற்கு ஒரு குற்றாலத் துண்டால் பெல்ட்டையும் காலையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அசையாது. "கோயில் தேர்ல உற்சவரைக் கட்டுன மாதிரி கட்டிட்டியேம்மா" என்றார். எனக்கு அந்த முடிச்சில் ரொம்பப் பெருமை.

ஏறும்போது இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து இழுத்த இழுப்பில் என் முகத்தில் இருந்த சிரிப்பு மலை உச்சி வரை அழியவில்லை. விருந்து முடிந்து இறங்கும்போதுதான் உண்மையான வேடிக்கை. இறக்கம் முழுக்க ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவாகவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொண்டு, மலை கொடுத்த வேகத்தையெல்லாம் பேட்டரியில் போட்டுக்கொண்டே இறங்கியது. பாதி மலை தாண்டுவதற்குள் பேட்டரி நிரம்பிவிட்டது. டேஷ்போர்டில் அந்தப் பச்சைக் கோடு உச்சிக்குப் போய் நின்றதை நான் பின்னால் திரும்பிச் சொன்னேன். ஏப்பம்தான் பதிலாக வந்தது. விருந்துச் சாப்பாடு வேலையைக் காட்ட, அவர் கண் செருகிக்கொண்டிருந்தது.

மலை இறங்கிச் சமமான சாலைக்கு வந்ததும் வண்டி மோட்டாரில் மட்டும் போக ஆரம்பித்தது. அப்போதுதான் சாலையில் கொள்ளு காயப் போட்டிருப்பதைப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். அறுத்த கொள்ளுக்கொடியை வேரோடு சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் மேலே ஏறிப் போக, காய் வெடித்துக் கொள்ளு கீழே உதிரும். பிறகு கொடியை உதறி ஒதுக்கி, தூற்றி, அள்ளிக்கொண்டு போவார்கள். கார்க்காரர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போவதும், பஸ்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் ஏற்றிப் போவதும் வழக்கம்.

ஒரு அம்மா முதுகைக் காட்டிக் குனிந்து கவைக்கம்பால் கொடியைப் புரட்டிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். வண்டியில் சத்தம் இல்லாததால் நான் பக்கத்தில் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏங்க்கா, பூனை மாதிரி வந்து நிக்கறீங்களே. வண்டி ஓடுதா இல்ல தள்ளிட்டு வந்தீங்களா?"

நான் மன்னிப்புக் கேட்டு, ஓரமாக ஒதுங்கிப் போக ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அதற்குள் களத்து ஓரத்திலிருந்து அவர் வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"ஒதுங்காதீங்க, மேலயே வுட்டு ஓட்டிட்டுப் போங்க. ஞாயித்துக்கெழம பாருங்க, காலையில ரெண்டு பஸ்ஸு போனதோட சரி. வெயிலு இருக்கறப்பவே காய் வெடிச்சாத்தான் உண்டு. பொழுது எறங்கிட்டா பதம் வந்து நமுத்துப் போயிடும். நாளைக்கு மறுபடியும் மொதல்லருந்து."

இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. ஒரு தடவை என்ன, எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட்டுகிறேன் என்றேன். பேட்டரி நிரம்பிக் கிடக்கிறது, மலை இலவசமாகக் கொடுத்த மின்சாரம், அதை இவர்களுடைய கொள்ளுக்குச் செலவு செய்தால் என்ன என்று தோன்றியது. பின்னாலிருந்து, பாதித் தூக்கத்தில், "வண்டி தாழ்வு, அடியில தட்டும்மா" என்று குரல் வந்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முன்னால் போவேன், அந்தக் கோடியில் நிறுத்தி ரிவர்ஸில் வருவேன், மறுபடி போவேன். ஓசையே இல்லாத கார். சக்கரத்துக்கு அடியில் காய்ந்த காய்கள் படபடவென்று வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. கணவனும் மனைவியும் இரண்டு பக்கமும் நின்று கவைக்கம்பால் கொடியை நடுவில் தள்ளித் தள்ளிவிட்டார்கள். நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு அந்தச் சத்தத்தை ரசித்துக்கொண்டே ஓட்டினேன். வாழ்க்கையில் இத்தனை சந்தோஷமாக நான் வேறு எதையும் ஓட்டியதில்லை. தாழ்வான வயிற்றை உடைய வண்டி, கொடி வகையைச் சேர்ந்த பயிர், இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

போதும் என்று அவர்கள் கையைக் காட்டியதும், பரப்பின் கோடியில் ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்தினேன். கணவர் நன்றாகத் தூங்கிவிட்டிருந்தார். ஏசி ஓடட்டும் என்று வண்டியை அணைக்காமல், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இறங்கினேன். இன்ஜின் ஓடாமலே பேட்டரியில் ஏசி ஓடும் என்பது இந்த வண்டியில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

உதிர்ந்த கொள்ளைக் குவித்திருந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதால் செருப்பைச் சாலையோரம் கழற்றிவிட்டேன். தானியத்தில் செருப்புக் காலோடு யாரும் கால் வைப்பதில்லை. அந்த அம்மா சொம்பில் மோர் கொடுத்தார். வீட்டுக்காரர் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். சத்தமில்லாமல் எப்படி ஓடுகிறது என்று அவர் கேட்டதுதான் தாமதம், நான் வகுப்பே எடுக்க ஆரம்பித்துவிட்டேன். மோட்டார், பேட்டரி, இறக்கத்தில் மின்சாரம் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

"அப்ப இது கரண்டு வண்டியா?" என்றார்.

"பாதி கரண்டு, பாதி பெட்ரோல்ங்க."

"இப்ப நிக்குதே, அணைச்சிருக்குதா, ஓடுதா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அணையலைங்க. முழிச்சிட்டுத்தான் இருக்கு. பேட்டரி கொறைஞ்சா இன்ஜின் தானா ஸ்டார்ட் ஆகிக்கும்."

சொல்லிக் கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. அத்தனை தடவை போய் வந்ததிலும், ஏசி ஓடியதிலும் பேட்டரி இறங்கியிருந்தது. டிரைவர் இல்லாத காரில் இன்ஜின் தானாக உறுமி எழுந்தது. அவர்கள் இரண்டு பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள். எனக்கோ என் மாணவி மாநில அளவில் பரிசு வாங்கிய மாதிரி இருந்தது. "பாத்தீங்களா?" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். புகையைச் சுத்தம் செய்கிற ஒரு பகுதி புகைக்குழாயில் இருக்கிறது, அது நன்றாகச் சூடானால்தான் வேலை செய்யும், அதனால் இன்ஜின் எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் காய்ச்சும் என்றெல்லாம் விளக்கினேன். எவ்வளவு சூடாகும் என்பதைக்கூடச் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன்.

முதலில் கருகல் வாசனை வந்தது. பக்கத்தில் எங்கேயோ வேலியோரம் சருகு எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மா மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு மூக்கைச் சுருக்கினார்.

"இது கொள்ளுக்கொடி கருகற வாசம்ங்க" என்றார்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் வண்டியைப் பார்த்தோம். முன் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது.

எனக்கு அந்தக் கணமே எல்லாம் புரிந்துவிட்டது. ஓட்டும்போது சக்கர அச்சிலும் அடிப்பகுதியிலும் கொடி சுற்றிச் சுற்றி வைக்கோல் பிரி மாதிரி இறுகியிருக்கிறது. மலையிலிருந்து இறங்கியதிலும், மோட்டாரிலேயே ஓடியதிலும் புகைக்குழாய் ஆறிக் கிடந்ததால் அதுவரை ஒன்றும் ஆகவில்லை. வண்டியை நிறுத்திய பிறகு, நான் நின்று பெருமை பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இன்ஜின் எழுந்து, அந்தக் குழாயைக் காய்ச்சி, ஒட்டிக்கொண்டிருந்த சருகைப் பற்ற வைத்திருக்கிறது. வண்டி நிற்பதோ காய்ந்த கொடியின் மேல். உள்ளே என் கணவர், நான் போட்ட முடிச்சுக்குள்.

ஓடினேன். டிரைவர் கதவைத் திறந்து பட்டனை அழுத்தி வண்டியை முழுவதும் அணைத்தேன். இன்ஜின் நின்றது, புகை நிற்கவில்லை. வண்டிக்குள்ளும் காரமாகப் புகை ஏறியிருந்தது. அவர் விழித்துக்கொண்டு, "என்னம்மா தீயுது?" என்று கேட்டார். அடுப்பில் பாலை மறந்துவிட்டேனா என்கிற மாதிரிதான் கேட்டார். இருமல் வந்ததும்தான் அவருக்கு விஷயம் புரிந்தது.

நான் பின் கதவைத் திறந்து அவர் கைகளுக்கு அடியில் பிடித்து இழுத்தேன். ஒரு விரல்கடை நகரவில்லை. பெல்ட் கொக்கி தலையணைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. துண்டின் முடிச்சோ மலை வளைவுகளில் இழுபட்டு இழுபட்டுக் கல்லாக இறுகியிருந்தது. என் பெருமைக்குரிய முடிச்சு. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். விவசாயி என்னைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த அரிவாளோடு உள்ளே தலையை விட்டார். "ஆடாதீங்க சார், கட்டை அறுக்கறேன், காலை அறுத்துடப் போறேன்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

அந்த அம்மா தரையில் முழங்காலிட்டுக் கவைக்கம்பை அடியில் விட்டுச் சருகை இழுத்துக்கொண்டிருந்தார். கைக்கு வந்தது வந்தது, உள்ளே இறுகிச் சுற்றியிருந்தது வரவில்லை. புகைக்கு நடுவில் இப்போது சின்னதாகச் செந்நிறம் தெரிந்தது. அவர்கள் கொண்டுவந்திருந்த குடிதண்ணீர்க் குடத்தை எடுத்து ஊற்றினேன். பாதிக் குடம்தான் இருந்தது. ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தம் வந்தது, மறுபடி புகைந்தது. கிணறு வயலுக்கு அந்தப் பக்கம். போய்வர நேரமில்லை.

அப்போதுதான் மொபெட்டில் பால்காரர் ஒருவர் வந்தார். இரண்டு பக்கமும் பால் கேன், சாயங்காலச் சொசைட்டிக்குப் போகிற பால். புகையைப் பார்த்ததும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர், யாரும் கேட்காமலே ஒரு கேனைக் கழற்றித் தூக்கிவிட்டார். ஆனால் காருக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். வண்டியின் பின்புறத்தில் ஹைபிரிட் என்று எழுதியிருந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"இது கரண்டு வண்டியாச்சே."

"ஆமாங்க, ஊத்துங்க" என்றேன்.

"உள்ள ரெண்டு ஆளு இருக்காங்க. ஈரம் பட்டுக் கரண்டு ஏறிட்டா என்னாவறது? அது கொலை ஆயிடுங்க. நான் ஊத்த மாட்டேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பயந்து போய்ச் சொல்லவில்லை. உள்ளே இருந்த இரண்டு உயிரை நினைத்துச் சொன்னார். பட்டனை அணைத்ததும் பேட்டரியிலேயே மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிடும், ரிலே என்கிற இரண்டு தடித்த சுவிட்சுகள் தானாக விலகிக்கொள்ளும், பேட்டரிப் பெட்டிக்கு வெளியே உயர் மின்னழுத்தம் எதுவும் இருக்காது, பெட்டியும் தண்ணீர் புகாமல் மூடப்பட்டது, அது இருப்பதும் பின்னால். இவையெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எரிகிற வண்டிக்கு முன்னால் நின்று இதையெல்லாம் யாருக்கு எப்படிச் சொல்வது? வாழ்நாள் முழுக்க விளக்கிச் சொல்லியே பிழைப்பு நடத்துகிறவள், அன்றைக்கு விளக்கத்தை விட்டுவிட்டேன்.

ஊற்றிய தண்ணீரில் நனைந்திருந்த தரையில், வெறுங்காலோடு போய் நின்றேன். இரண்டு உள்ளங்கையையும் கார்க் கூரையின் ஓரத் தகட்டில் அழுத்தி வைத்தேன்.

"கரண்டு அடிச்சா மொதல்ல என்னை அடிக்கட்டும். ஊத்துங்க."

அவர் கேனைத் தூக்கினார். மறுபடி தயங்கினார். என் முகத்தையும் என் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். படித்த அம்மாவாகத் தெரிகிறார், புருஷன் உள்ளே இருக்கிறார் என்ற பதற்றத்தில் ஏதோ செய்கிறார் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். உள்ளே துண்டு கிழிகிற சத்தமும் இருமலும் கேட்டன.

அப்போது கவைக்கம்பைக் கீழே போட்டுவிட்டு அந்த அம்மா எழுந்தார். முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, அவரும் அந்த ஈரத்தில் கால் வைத்து நின்று, என் கைக்குப் பக்கத்தில் தன் கையைத் தகட்டில் வைத்தார். அவர் கை முழுக்கச் சருகுத் தூசி.

"அண்ணா, நானும் நிக்கறேன். ஊத்துண்ணா" என்றார்.

பால்காரர் ஊற்றினார். சக்கர இடுக்கில் ஒரு கேன் முழுவதும். ஆவி குப்பென்று எங்கள் முகத்தில் அடித்தது. எங்கள் கால்களுக்கு நடுவே பால் ஓடியது. அடுத்த கேனைத் திறந்து, தரையில் படுத்து, அடிப்பகுதியில் வீசி வீசி ஊற்றினார். அந்த அம்மா ஒரு கையைத் தகட்டிலிருந்து எடுக்காமலே குனிந்து கம்பை எடுத்து உள்ளே விட்டு ஒரு சுழற்றுச் சுழற்ற, கருகிப்போன பிரி ஒன்று பாலில் தொப்பென்று விழுந்தது. அதே நேரத்தில் மறுபக்கம் கட்டு அறுந்து, விவசாயி என் கணவரைக் கொள்ளு மூட்டையை இழுக்கிற மாதிரி கக்கத்தில் கை கொடுத்து வெளியே இழுத்துச் சாலையோரம் கிடத்தினார். மாவுக்கட்டுக் கால் மட்டும் ஆகாயத்தை நோக்கி நின்றது.

தீ அடங்கிவிட்டது. பால் தீய்ந்த வாசனைதான் சாலை முழுக்க. நான் கையை எடுக்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. அந்த அம்மாதான் என் மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு கையாக எடுத்துவிட்டார். பிறகு சாலையோரம் கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

கணவர் இருமி முடித்துவிட்டு வண்டியைப் பார்த்தார். சொட்டுச் சொட்டாகப் பால் வடிந்துகொண்டிருந்தது. "புது வண்டிக்குப் பூஜை போடலைன்னு சொல்லிட்டே இருந்தியே, பாலாபிஷேகமே ஆயிடுச்சு" என்றார். அழுகையோடு அழுகையாகச் சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. எல்லோரும் சிரித்தோம். பால்காரர்தான் அதிகமாகச் சிரித்தார்.

அன்றைக்கு அவர் சொசைட்டிக்குப் போகவில்லை. காலிக் கேன்களை மாட்டிக்கொண்டு, "கறந்தா மாடு நாளைக்கும் குடுக்கும்ங்க, நீங்க சாரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டார். நான் என்ன சொல்லியும் நிற்கவில்லை. விவசாயியும் அந்த அம்மாவும் எங்களைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போய், கட்டிலில் இவரைப் படுக்க வைத்து, காபி கொடுத்தார்கள். "வண்டி எரிஞ்சா இன்னொண்ணு வாங்கிக்கலாம், வூட்டுக்காரரு நல்லா இருக்காரில்ல" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்களுடைய கொள்ளில் ஒரு பகுதி பாலிலும் கரியிலும் மிதிபட்டுக் கிடந்தது. அதைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. உதிர்ந்த மிச்சத்தைப் பொழுது சாய்வதற்குள் தூற்றி அள்ள என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு முறம் பிடிக்கவே தெரியவில்லை என்பதை அந்த அம்மா சிரித்துக்கொண்டே கண்டுபிடித்தார்.

காரைத் தருமபுரிக்கு இழுவை வண்டியில் கொண்டு போனோம். அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடி உருகியிருந்தது, சில ஒயர்கள் கருகியிருந்தன. உயர் மின்னழுத்தப் பக்கம் ஒரு கீறல் இல்லை. நான் எதிர்பார்த்தது போலவே பேட்டரி தன் கதவுகளைச் சாத்திக்கொண்டு பத்திரமாக இருந்திருக்கிறது. மெக்கானிக் அடியிலிருந்து உருவிப் போட்ட கொடியை மட்டும் ஒரு கூடையில் அள்ளலாம். அந்த வண்டியைத்தான் இன்னும் ஓட்டுகிறேன். அதன் மேல் எனக்கு இருக்கிற ஆசையும் குறையவில்லை, அடியில் எட்டிப் பார்க்கிற பழக்கமும் போகவில்லை. சாலையில் கொள்ளு பரப்பியிருந்தால் இப்போது ஒதுங்கிப் போய் நிறுத்தி, கவைக்கம்பு வாங்கி நானும் கொஞ்ச நேரம் புரட்டிவிட்டுத்தான் வருகிறேன். வண்டியை விட்டு இறங்கினால் முழுவதும் அணைத்துவிட்டுத்தான் இறங்குகிறேன். அந்தக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் இப்போது நல்லது கெட்டதுக்குப் போய் வருகிற பழக்கம்.

அன்றைக்கு நான் தைரியமாக நடந்துகொண்டதாகக் கேட்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரிலே விலகியிருக்கும் என்று தெரிந்துதான் நான் கை வைத்தேன். பக்கத்தில் வந்து கை வைத்தாரே, அந்த அம்மாவுக்கு ரிலே தெரியாது, பேட்டரி எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் என்னை மட்டும்தான், அதுவும் ஒரு சொம்பு மோர் குடிக்கிற நேரத்துப் பழக்கத்தில்.